சாப்பிட்ட பிறகு போட வேண்டிய மாத்திரை

அவரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவருக்கு முன்னால் அவருடைய கால்தான் வந்தது. ரங்கூனின் போட்டாதாங் பகுதியில் நான் வேலை பார்த்த கிளினிக் வாசலில் ஒரு சைக்கா வந்து நின்றது. சைக்கிளுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும்படி ஒரு சின்னப் பெட்டியைச் சேர்த்துக் கட்டிய வண்டி அது. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு வலது கால் விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. அதன் பெருவிரல் பழுத்த தக்காளி மாதிரி சிவந்து பளபளத்தது. காலுக்குப் பின்னால் ஒரு பெரிய வயிறு, வயிற்றுக்குப் பின்னால் அவர். முதுகுப் பக்கத்து இருக்கையில் அவர் மனைவி உட்கார்ந்து, "கால், கால், பாத்து" என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் விலக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு ஈ அந்த விரலில் வந்து உட்கார்ந்தது. அவர் போட்ட சத்தத்தில், காய்ச்சலில் சுருண்டு கிடந்த நோயாளிகள்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்தில் சமையல் அண்ணன் என்றால்தான் தெரியும். ரங்கூன் தமிழர் வீட்டுக் கல்யாணங்களில் பாதிக்கு அவர்தான் அடுப்பு மூட்டினார். முஸ்லிம் வீட்டுப் பிரியாணி, செட்டியார் வீட்டுச் சாம்பார், பர்மியர் வீட்டு அன்னதானம் எல்லாவற்றுக்கும் அவரைத்தான் தேடி வருவார்கள். பிரியாணியை நாங்கள் அங்கே பர்மியர் சொல்கிறபடி டம்பவ் என்போம். அவருடைய டம்பவ் அண்டாவைத் திறந்தால் அடுத்த தெருவில் தூங்கிக்கொண்டிருப்பவன் எழுந்து முகம் கழுவுவான் என்று ஒரு பேச்சு உண்டு. அதைப் பரப்பியது அவரே.

எங்கள் டாக்டர் ஒரு பர்மியப் பெண்மணி. எல்லாரும் சயாமா என்றே கூப்பிடுவோம். சயாமா எழுதுகிற மாத்திரைகளைச் சின்ன பிளாஸ்டிக் பைகளில் போட்டு, எதை எப்போது போட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது என் வேலை. சயாமாவும் அண்ணனும் பேசிக்கொண்டதெல்லாம் பர்மிய மொழியில்தான். ஆனால் சமையல் அண்ணன் பர்மிய மொழி பேசினாலும் அது தஞ்சாவூரில் வளர்ந்த பர்மிய மொழி மாதிரி இருக்கும், ஆகவே இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

"என்ன ஆச்சு?" என்றார் சயாமா.

"அண்டா மூடி விழுந்துடுச்சு சயாமா."

"மூடி விழுந்திருந்தா காயம் இருக்கணுமே?"

"இது உள்காயம்."

"சரி. நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"நானா? ஒண்ணுமே சாப்பிடல. கல்யாண வீட்டுல சமையக்காரனுக்கு ஏது சாப்பாடு?"

அண்ணி, அதாவது அவர் மனைவி, சுவரில் மாட்டியிருந்த குடலின் படத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சயாமா விடவில்லை. கடைசியில் உண்மை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. சாப்பிடவில்லைதான், ஆனால் ருசி பார்த்திருக்கிறார். உப்புக்கு ஒரு முறை, காரத்துக்கு ஒரு முறை, கறி வெந்ததா என்று ஒரு முறை. அண்டா நான்கு. ஒவ்வொரு அண்டாவிலும் மேலே ஒரு ருசி, நடுவில் ஒரு ருசி, அடியில் ஒரு ருசி, ஏனென்றால் மூன்றும் வேறு வேறு. ஈரல் வறுவலை அதில் சேர்க்கவில்லை, அது தனி.

"ருசி பாக்குறது வேற, சாப்பிடுறது வேற சயாமா," என்று அவர் பொறுமையாக விளக்கினார். "சாப்பிடுறதுன்னா உக்காரணும், இலை போடணும். நின்னுக்கிட்டு வாயில போடுறதெல்லாம் எந்தக் கணக்குலயும் வராது."

சயாமா அவருடைய காலைத் தொடாமலே பார்த்தார். ரத்தத்தில் யூரிக் அமிலம் என்று ஒன்று கூடிப்போய், மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிந்துவிடுகிறது, அதனால்தான் இந்த வீக்கம், கறியும் ஈரலும் கருவாடும் பீரும் இதற்கு எதிரி என்று சொன்னார். வீக்கத்தைக் குறைக்கிற வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அண்ணன் அந்தச் சீட்டோடு என்னிடம் நொண்டிக்கொண்டு வந்தார். நான் எல்லாருக்கும் சொல்வதைத்தான் அவருக்கும் சொன்னேன்.

"அண்ணே, இது நல்லா கேக்கும். ஆனா வயித்தப் புண்ணாக்கிடும். சாப்பிட்ட பிறகுதான் போடணும்."

அவர் முகம் மலர்ந்தது. "சாப்பிட்ட பிறகா? இன்னொரு தடவ சொல்லு தங்கச்சி. இவ காது கேக்கச் சொல்லு."

இரண்டே நாளில் அண்ணி தனியாக வந்து நின்றார். கை இடுப்பில் இருந்தது.

"என்னம்மா சொல்லி அனுப்புன அந்த மனுசன்கிட்ட?"

"என்ன அண்ணி?"

"டாக்டரம்மாவே சாப்பிடச் சொல்லிட்டாங்கன்னு உக்காந்திருக்காரு. இட்லி வச்சேன். இந்த மாத்திரை பவர் மாத்திரை, இட்லியெல்லாம் அதத் தாங்காதுங்குறாரு. ஆட்டுக்கால் சூப்பு வேணுமாம். இத்தன வருசம் நின்னுக்கிட்டுத் தின்னாரு. இப்ப உக்காந்து திங்கிறாரு. மருந்துக்காக!"

அதுதான் அவர். அந்தப் பெருவிரலுக்கு வலி வருவதற்கு உலகத்தில் எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம், அவர் வாய் மட்டும் இருக்கக் கூடாது. ஒருமுறை புதுச் செருப்பு கடித்துவிட்டது. இன்னொரு முறை ரயிலில் ஒரு பெரிய மனிதர் மிதித்துவிட்டார். ஒருமுறை ரங்கூனிலேயே லத்தா பகுதியில் சீனர் கடையொன்றில் கண்ணாடித் தொட்டியில் கிடந்த ஒரு மீன் அவரை ஒரு மாதிரி பார்த்திருக்கிறது, அன்று மாலையே வீங்கிவிட்டது. மீனின் கண்ணும் படும் என்று அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. இதையெல்லாம் அவர் சொல்லும்போது முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இருக்காது. அவர் போன பிறகு சயாமா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிப்பார்.

அவர்மேல் எங்களுக்குக் கோபம் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எந்தக் கல்யாணமானாலும் கிளினிக்குக்கு ஒரு தூக்குச்சட்டி வந்துவிடும். சயாமா அதைத் திறந்து, "இந்த ஆள் திருந்தவே மாட்டான்" என்று திட்டிக்கொண்டே சாப்பிடுவார். எனக்கென்று அண்ணன் நிறைய முந்திரி போட்டு அனுப்புவார். நான் மெலிந்திருக்கிறேன் என்பது அவருடைய தீராத கவலை.

ரங்கூனுக்கு வெளியே மாவ்பி என்ற ஊரில் ஒரு தமிழ் விவசாயக் குடும்பத்துக் கல்யாணம் வந்தது. எங்களிடம் சொல்லாமல் அண்ணன் ஒரு புது முறையைக் கண்டுபிடித்தார். வலி வந்த பிறகு மாத்திரை போடுவானேன், வருவதற்கு முன்பே போட்டுவிட்டால்? அடுப்பு மூட்டுவதற்கு முன் வெறும் வயிற்றில் இரண்டு, தேங்காய் துருவும்போது இரண்டு, கறி வெந்ததும் இன்னும் இரண்டு. மழை வருவதற்கு முன்பே குடை எடுத்துப் போவதில்லையா என்று பின்னால் என்னிடம் கேட்டார். தாலி கட்டும் நேரத்தில் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கறுப்பாக வாந்தி எடுத்தார். ரங்கூனுக்குக் கொண்டுவர அங்கே இருந்த ஒரே கார், மணமக்களுக்காகப் பூவால் அலங்கரித்து வைத்திருந்த கார்தான். சம்பங்கி மாலையும் ரிப்பனும் பறக்க, முன்னால் இரண்டு பொம்மைகள் கை கோத்து நிற்க, சமையல் அண்ணன் பின்சீட்டில் படுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் மாட்டு வண்டியில் ஊர்வலம் போனார்களாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரை சயாமா நிற்க வைத்துத் திட்டினார். இரைப்பையில் புண், ரத்தம் கசிந்திருக்கிறது, இனிமேல் ஒரு மாத்திரைகூட வெறும் வயிற்றில் போனால் பிழைப்பது கஷ்டம். முதலில் வயிற்றுக்கான மருந்து, பிறகு சோறு, அதன்பிறகுதான் வலி மாத்திரை, அதுவும் வலி வந்தால் மட்டும். அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். என்னிடம் வந்ததும், "மாவ்பி தண்ணி எனக்கு ஒத்துக்கல தங்கச்சி" என்றார்.

இந்த மனிதர்தான் ஒவ்வொரு பங்குனியிலும் எங்கள் அம்மன் கோவில் தீக்குழியில் முதலில் இறங்குகிறவர். அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்த காலத்திலிருந்து முதல் அடி அந்தக் குடும்பத்துக்குத்தான். காப்புக் கட்டிய நாளிலிருந்து ஒருவேளைச் சோறு, கறியும் மீனும் கிடையாது, தீ மிதிக்கிற நாளில் மிதித்து முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. அண்ணன் விரதத்தை எப்படிக் காத்தார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. விரத நாட்களில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்கள் வரும், அண்டாவில் கறி வேகும், உப்புப் பார்க்க ஆள் வேண்டும். "அம்மா சாப்பிடக் கூடாதுன்னுதானே சொல்லியிருக்கா" என்பார். அப்படியெல்லாம் இருந்தும் மஞ்சள் வேட்டியோடு நெருப்பில் இறங்கிக் கம்பீரமாக அந்தப் பக்கம் ஏறுவார். கொப்புளம்கூட வராது. அதைவிட ஆச்சரியம், பங்குனியில் அந்தப் பெருவிரல் ஒருமுறைகூட வலித்ததில்லை. அம்மனுக்கும் அவர் டம்பவ் பிடித்திருந்தது போலிருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு பங்குனியைப் பற்றி. அண்ணிக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. ஒரு கண்ணில் முன்பு செய்த அறுவை சிகிச்சை சரியாக வராமல் பார்வை போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணிலும் பனி படர்ந்த மாதிரிதான் தெரிந்தது. அதற்குத் திருவிழா முடிந்த மறுவாரம் அறுவை சிகிச்சை. அண்ணன் அம்மனிடம் வேண்டிக்கொண்டார். என்ன வேண்டிக்கொண்டார் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் கிளினிக் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இந்த வருசம் ருசிகூடப் பாக்கல."

நான் சிரித்தேன்.

"சத்தியமா. கரண்டிய ஆளுங்ககிட்டக் குடுத்துட்டேன். மோந்து பாத்தே உப்பு சொல்லிடுறேன். வெயில் சாயற வரைக்கும் தண்ணியும் குடிக்கிறதில்ல. அது நானா வச்சுக்கிட்டது."

மெலிந்துதான் இருந்தார். வயிற்றின் மேல் கைலி நிற்காமல் அடிக்கடி இழுத்துக் கட்டிக்கொண்டார். பங்குனி வெயிலில் உதடு வெடித்திருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது, ஆனால் அவர் சொன்னதை நம்பினேனா என்றால் முழுதாக நம்பவில்லை. எத்தனை மீன் கதை கேட்டிருக்கிறேன்!

தீமிதி நாள் காலையில் பெருவிரல் வீங்கிவிட்டது.

விஷயம் கோவிலுக்குப் போக நேரமாகவில்லை. அவரே நொண்டிக்கொண்டு பூசைக்குப் போயிருக்கிறார். அந்தக் காலைப் பற்றித் தெரியாத தமிழர் போட்டாதாங்கில் கிடையாது. வீங்கினால் கறி தின்றிருக்கிறார் என்று அர்த்தம், அதை ஊர் முழுக்கச் சொல்லி வைத்ததே அண்ணிதான். கோவில் தலைவர் லத்தாவில் மிளகாய் மண்டி வைத்திருந்தவர், பேச்சும் அப்படித்தான் இருக்கும். எல்லார் முன்னாலும் நின்று சொல்லியிருக்கிறார்: "வாய் பொய் சொல்லும், கால் சொல்லுமா? காப்புக் கட்டின கையால கறி தின்னுட்டு முதல் அடி வைக்க வர்றியா?" அண்ணன் அம்மன் மேல் சத்தியம் செய்தாராம். யாரோ சிரித்திருக்கிறார்கள். கடைசியில் தலைவர் ஒரு முடிவு சொன்னார். சாயங்காலம் படகுத்துறையில் கரகம் எடுத்து, கைத்தாங்கல் இல்லாமல், தன் காலால் தீக்குழி வரைக்கும் நடந்து வந்தால் இறங்கலாம். முடியாவிட்டால் வேறு ஒருவர் இறங்குவார், இனிமேல் எந்த வருடமும் அந்தக் குடும்பத்துக்கு முதல் அடி இல்லை.

அங்கிருந்து அண்ணனும் அண்ணியும் நேராகக் கிளினிக்குக்கு வந்தார்கள். சயாமா வழக்கம்போல், "என்ன சாப்பிட்டீங்க?" என்று ஆரம்பித்தார்.

"ஒண்ணும் சாப்பிடல சயாமா."

"அண்டா எத்தனை?"

 அவர் கதை எதுவும் சொல்லவில்லை. செருப்பு இல்லை, மூடி இல்லை, மீன் இல்லை. அப்போதுதான் சயாமா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார், கையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார், எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று கேட்டார். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினார்.

"கறி தின்னாத்தான் இது வரும்னு இல்ல. பட்டினி கிடந்தாலும் வரும். தண்ணி குடிக்காம உடம்பு வத்திப்போனா ரத்தத்துல அந்த அமிலம் ஏறிடும். இவருக்கு இன்னிக்கு அப்படியும் வந்திருக்கலாம்."

ஏமாற்றின வருடமெல்லாம் நன்றாக இருந்த கால், உண்மையாக இருந்த வருடம் வீங்கிவிட்டது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?  அண்ணி நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

"இப்பவே மாத்திரை போட்டா சாயங்காலத்துக்குள்ள கொஞ்சம் அடங்கும்," என்றார் சயாமா. "ஆனா ரெண்டு பிடி சோறாவது உள்ள போகணும். வெறும் வயித்துல தர மாட்டேன்."

"சோறு முடியாது. ஊசி போடுங்க."

"ஊசியும் அதே மருந்துதான். அதே புண்ணைத்தான் போய்க் கிளறும்."

"வேற மருந்து?"

"இருக்கு. அதப் போட்டா வயித்தால போகும்."

அண்ணன் கண்ணை மூடி, தலையில் கரகத்தோடு ஊர்வலத்தில் போவதை ஒருமுறை நினைத்துப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

அண்ணி மடியிலிருந்த தூக்குச்சட்டியைத் திறந்தார். சோறும் மிளகு ரசமும் கொண்டு வந்திருந்தார். பிசைந்து ஒரு கவளம் எடுத்து நீட்டினார்.

"சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு மாத்திரையப் போடுங்க."

"அம்மாகிட்டச் சொல்லிட்டேன் புள்ள."

"அந்த வேண்டுதல் என் கண்ணுக்குத்தான? கண்ணு போனாப் போகுது. நீங்க ரத்தம் ரத்தமா வாந்தி எடுத்ததப் பாத்த கண்ணுதான இது. ஒருக்க நொண்டி விழுந்து ஊரே சிரிக்கிறதையும் அது பாக்கணுமா? வாயத் திறங்க."

ரசத்தின் வாசனை மருந்து மேசை வரைக்கும் வந்தது. அண்ணனின் தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். அத்தனை வருடங்களில் அந்த மனிதர் ஒரு கவளத்தை மறுத்து நான் பார்த்ததில்லை. அவர் அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகச் சட்டிக்குள் இறக்கினார்.

"இந்தத் தடவ வேணாம்," என்றார். எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். என் கண் கலங்கிவிட்டது. சயாமா மாத்திரைகளை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, அன்றைக்குச் சாயங்காலம் கிளினிக் கிடையாது என்று கதவில் எழுதி மாட்டச் சொன்னார். "சாமி பார்க்க வரவில்லை, நோயாளியைப் பார்க்க வருகிறேன்" என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

படகுத்துறையில் கூட்டம் நெரிந்தது. கரகம் தலையில் ஏறியதும் அண்ணன் இடது காலை ஊன்றி வலது காலை எடுத்து வைத்தார். தரையில் பட்டதும் ஒரு துள்ளல். மறுபடி இடது கால், மறுபடி துள்ளல். வலியில் அவர் குதித்ததைப் பார்த்து உறுமிக்காரர்களுக்கு ஆவேசம் வந்துவிட்டது. இத்தனை வருடம் யானை மாதிரி நடந்து வந்தவர் இன்று ஆடுகிறாரே! அவர் துள்ளத் துள்ள அவர்கள் வேகம் கூட்டினார்கள். அவர்கள் வேகம் கூட்டக் கூட்ட அவர் துள்ள வேண்டியிருந்தது. "அம்மா இறங்கிட்டா!" என்று பெண்கள் குலவையிட்டார்கள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு மேளக்காரனைப் பார்த்து மெதுவாக அடி என்று கண்ணால் கெஞ்சினார். அந்தக் கண்ணைப் பார்த்து அவன் பயந்து இன்னும் வேகமாக அடித்தான். சயாமா குடையைப் பிடித்தபடி பக்கத்தில் ஓடினார். "இந்த ஆளுக்குப் பைத்தியம், உங்க எல்லாருக்கும் பைத்தியம்" என்று பர்மிய மொழியில் சொல்லிக்கொண்டே வந்தார்.

யார் கையையும் பிடிக்காமல் தீக்குழிக்கு வந்துவிட்டார். இறங்கினார். நெருப்பில்தான் அவர் துள்ளவில்லை. இரண்டு பாதத்தையும் முழுதாக வைத்து, அவசரமே இல்லாமல் நடந்தார். அந்தக் கால் கொடுத்த வலிக்கு முன்னால் நெருப்பு அவருக்கு ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தோன்றியது. மறுபக்கம் பால் குழியில் இறங்கி, மணலில் ஏறி நின்றார். கரகத்தை வாங்கிக்கொண்டார்கள். முடிந்துவிட்டது என்று நான் மூச்சு விட்டேன்.

கோவில் தலைவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தார். மிளகாய் மண்டிக்காரருக்குக் கண்ணீர் வழிந்தது. முதல் அடி வைத்தவரின் காலில் விழுவது வழக்கம். நெடுஞ்சாண்கிடையாக விழுந்து இரண்டு கையாலும் அண்ணனின் இரண்டு காலையும் இறுக்கிப் பிடித்தார்.

அந்த அலறலை ஆற்றின் அக்கரையிலும் கேட்டிருப்பார்கள்.

"சாமி வந்துடுச்சு!" என்றது கூட்டம். யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள். தலைவர் நடுங்கிப்போய் இன்னும் இறுக்கினார். "தாயே! என்ன குறை தாயே?"

"விடு! விடுடா!"

"எதை விடணும் தாயே? சொல்லு, விட்டுடுறேன்!"

"கால! கால விடு!"

"நீ மன்னிச்சேன்னு சொல்ற வரைக்கும் உன் கால விட மாட்டேன் தாயே!"

சயாமாவும் நானும் முன்னால் போக முயன்றோம், முடியவில்லை. எங்களைத் தள்ளிக்கொண்டு ஒரு கை வந்தது. அண்ணி. அவருக்கு அந்தப் புகையில் ஒன்றும் தெரியவில்லை, சத்தம் வந்த திசையைப் பார்த்து இடித்துக்கொண்டு போனார். குனிந்து தடவி, தலைவரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தார்.

"சாமியும் இல்ல பூதமும் இல்ல, அவருக்குக் கால் வலி! கைய எடுங்கய்யா!" என்றார். பிறகு நிமிர்ந்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாமல் பொதுவாகக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்: "எல்லாரும் கேட்டுக்கோங்க. இந்த மனுசன் சாப்பிடல. காப்புக் கட்டினதுலருந்து தூக்கத்துல டம்பவ் ஆக்குறாரு. வெங்காயத்த வதக்குடா, மூடியத் தொறக்காதடாங்குறாரு. தின்னுட்டு வந்து படுத்த மனுசன் அப்படிப் பொலம்புவாரா? நான் பக்கத்துல படுத்திருக்கேன், எனக்குத் தெரியும். சாப்பிடல. இது நான் சொல்றேன்."

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் மணலில் உட்கார்ந்தபடியே கைகூப்பினார். அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அதுவரை எவ்வளவு வலித்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், பொத்தென்று மணலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தார்.

மறுவாரம் அண்ணிக்கு அறுவை சிகிச்சை நடந்தது, பார்வையும் வந்தது. அம்மன் கொடுத்ததா, அந்தக் கண் டாக்டர் கொடுத்ததா என்று சயாமாவும் அண்ணனும் நெடுநாள் சண்டை போட்டார்கள். எனக்கு அதெல்லாம் இப்போது அவ்வளவாக நினைவில்லை. அந்த மணலில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அழுகைக்கு நடுவில் அண்ணன் ஏதோ சொன்னார். என்னவென்று அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"பசிக்குது புள்ள."

யாரோ கோவில் பொங்கலைத் தொன்னையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். சயாமா வயிற்று மருந்தை அவர் வாயில் போட்டுவிட்டு, மற்ற மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி ஒரு கவளம் எடுத்து ஊட்டப்போனார். கண் தெரியாமல் அந்தக் கை அவர் மீசையில் போய் முட்டியது. அவர் அந்தக் கையைப் பிடித்துத் தன் வாய்க்குக் கொண்டுபோனார்.